மேற்குச் சுவரில் ஒரு திறப்பு

ஆமாம், சுண்ணாம்புதான். நேற்றைய சாரலில் நனைந்து, இன்று காலை மாடிப்படி வரை இறங்கி வந்திருக்கிற வாசனை. சுவருக்கு அடித்ததல்ல. மொட்டைமாடிக்கு. வெயிலைத் திருப்பி அனுப்ப.

நீ இருந்திருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டிருப்பாய், யாருக்குக் கல்யாணம் என்று. உனக்குச் சுண்ணாம்பு என்றால் கல்யாண வீடு.

உன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலகரம். ஒரு பக்கம் தென்காசி, ஒரு பக்கம் குற்றாலம், நடுவில் நீ பிறந்து வளர்ந்த இந்த வீடு. காற்று தாளைத் தூக்குகிறது. முழங்கையால் அழுத்திக்கொண்டிருக்கிறேன். நீ போய் இது இரண்டாவது சீசன். முதல் சீசனில் நான் இந்தப் பக்கம் வரவில்லை. அருவியில் தண்ணீர் விழுவதைச் செய்தியில் காட்டினார்கள். சேனலை மாற்றினேன்.

நேற்று நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். ஆனால் நேற்று என்பது பங்குனியில் தொடங்கியது.

பங்குனியில் உன் அப்பா ஃபோன் செய்தார்.

"ஏட்டி, நீ பழைய வீட்டையெல்லாம் குளுரப் பண்ணுதியாமே. நம்ம வீட்டையும் ஒரு எட்டு வந்து பாரு."

"சூடு ரொம்பவா மாமா?"

"சூடு இல்ல. பில்லு. வந்து பாரு. ஃபோன்ல சொல்ல முடியாது."

போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுக்க வயர்லெஸ்ஸில் பேசியவர். ஃபோனில் சொல்ல முடியாதது என்று அவருக்கும் ஒன்று இருந்தது.

கோயம்புத்தூரில் நான் செய்கிற வேலை அதுதான். பழைய வீடுகளை இடிக்காமல், குறைந்த மின்சாரத்தில் வாழ ஏற்றபடி மாற்றித் தருவது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்வதாக இருந்த வேலை. ஒருத்தி செய்கிறேன்.

சுரண்டையில் எங்கள் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரம். வெளியே காற்றாலைகள். பங்குனியில் அவை பெரும்பாலும் நிற்கும். நின்றுகொண்டிருந்தன. வயல்களுக்கு நடுவே கையை விரித்தபடி, பேச்சின் பாதியில் மறந்துபோனவர்களைப் போல.

அவற்றைப் பார்த்துத்தான் நீ அதைச் சொன்னாய். கல்லூரியில் மூன்றாம் வருஷம். ஆடி மாதம். எங்கள் ஊருக்கு வந்துவிட்டு இதே பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். இறக்கைகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன.

"எங்க வீட்டு மேக்குச் செவத்துல முட்டுத காத்துதான் இங்கன வந்து இதைச் சுத்துது. சுத்தி, கரண்டாயி, கம்பி வழியா எங்க வீட்டுக்கே திரும்பி வந்து ஏசிய ஓட்டுது. நேரா உள்ள விட்டா என்னட்டி?"

பின் சீட்டுப் பெரியவர் தலையை நீட்டினார். "யாரை வீட்டுக்குள்ள விடணும்?"

"காத்தை, தாத்தா."

"அது கேட்டுட்டா வருது" என்று அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

நீ வழியெல்லாம் சிரித்தாய். இறங்கும்போது அவர் தோளைத் தட்டிச் சொல்லிவிட்டு இறங்கினாய். அவர் தூக்கத்திலேயே கையை ஆட்டினார்.

*

உங்கள் தெருவில் சாக்கு கட்டுவது என்று ஒரு வழக்கம் இருந்தது. நீ சொல்லித்தான் தெரியும். சீசன் தொடங்குமுன் மேற்கு ஜன்னல்களுக்கெல்லாம் வெளிப்பக்கம் சாக்கு கட்டுவார்கள், சாரல் உள்ளே வராமல் இருக்க. சீசன் முடிந்ததும் அவிழ்ப்பார்கள். கட்டுவதும் அவிழ்ப்பதும் சலித்துப்போய் ஒவ்வொரு வீடாகச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மலையிலிருந்து பார்த்தால் உங்கள் தெரு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்.

உன் அறை ஜன்னல் கொஞ்ச காலம் தப்பித்திருந்தது. நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு சாரலில் உன் பாடப் புத்தகங்கள் எல்லாம் ஊறிப்போயின. மறுநாளே உன் அப்பா செங்கல் இறக்கினார். அடுத்த கோடையில் அறை வெந்தது. அதற்கடுத்த கோடையில் ஏசி வந்தது.

"மேக்க அடைச்சிட்டு, குளிரைக் கடையில போயி வாங்குதோம்" என்பாய். உன் அப்பா காதில் விழும்படி.

"நீ படிச்சு முடிச்சுட்டு வந்து இடி. அது வரைக்கும் வாய மூடு" என்பார் அவர்.

*

நான் வந்த அன்று ஹாலில் அனல். கூரை மேலிருந்து கீழே அழுத்தியது. உன் அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கடியில் ஒரு துண்டு சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. தட்டினேன்.

திறந்ததும் குளிர் முகத்தில் வந்து விழுந்தது.

உன் அம்மா ஸ்வெட்டர் போட்டிருந்தாள். காலில் சாக்ஸ். பங்குனி வெயிலில். உன் கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்து விடப்பட்டிருந்தது. அவள் கட்டிலில் உட்காரவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூல். மடியில் முறம், சின்ன வெங்காயம். ஏசியின் வெளிச்ச எண் பதினெட்டு.

"வாட்டி. கதவைச் சாத்து, குளிர் போயிரும்" என்றாள். பிறகுதான் "சாப்பிட்டியா?"

வெங்காயம் உரிக்கிற விரல்களின் நுனி வெளுத்திருந்தது. மூட்டுகள் வீங்கியிருந்தன. ஒரு வெங்காயம் நழுவிக் கீழே உருண்டது. குனிந்து எடுக்க அவளால் முடியவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கட்டில் பக்கம் பார்த்தாள், நீ எதுவும் சொல்கிறாயா என்பது போல.

உன் அப்பா என்னை மாடிக்குக் கூட்டிப் போனார்.

"எந்நேரமும் ஓடுது. ராத்திரி பகல் கெடையாது, அவ படுக்கையும் அங்கனயேதான். நான் நிப்பாட்டினா சண்டை போட மாட்டா, அழ மாட்டா. பேசாம எந்திச்சுத் திரும்பப் போட்டுருவா. டாக்டர் குளிர்ல இருக்கவே பிடாதுங்காரு. அவ கையப் பாத்தியா? சோறு பெசைய முடியல. நீ கட்டடம் படிச்சவ. வீட்டையே குளுரப் பண்ணிட்டா அவ தானா நிப்பாட்டிருவாள்லா?"

"பார்க்கலாம் மாமா" என்றேன். எல்லா வீட்டிலும் நான் சொல்கிற சொல்.

"சோலார் போட்டா பில்லு வராதுல்லா?"

"பில் வராது."

"கை வீக்கம்?" என்று அவரே கேட்டுவிட்டு, அவரே தெருவைப் பார்த்தார்.

*

ஒரு வீட்டை ஆராய்வது கடினமில்லை. சூடு எங்கே நுழைகிறது, எங்கே தங்குகிறது, எது வீணாகிறது. உங்கள் வீட்டில்: கூரை. உறுமுகிற பழைய ஃபேன்கள். ரப்பர் போன ஃப்ரிட்ஜ் கதவு. கொசுவுக்காகத் தாள் ஒட்டி அடைத்த வெண்டிலேட்டர்கள். எல்லாவற்றையும் கூட்டினாலும் உன் அறைக்குப் பக்கத்தில் வராது. இந்த வீடு செலவழிக்கிற மின்சாரத்தில் பெரும்பங்கு, இல்லாத ஒருத்தியைக் குளிர்விக்கப் போய்க்கொண்டிருந்தது.

வரைபடத்தில் அதை எப்படிக் குறிப்பது. குறிக்கவில்லை. உன் அறையை வெறும் கட்டமாக விட்டுவைத்தேன். மேற்குச் சுவரில் மட்டும் ஒரு அம்புக்குறி. காற்று உன் அறை வழியாக நுழைந்து, ஹாலைக் கடந்து, கிழக்கு வெண்டிலேட்டர்களில் வெளியேற. கல்லூரியில் நீ எல்லா வீடுகளுக்கும் முதலில் போடுகிற அம்புக்குறி. சுவருக்கு முன்பே அதைப் போடுவாய்.

உன் அம்மாவிடம் போய்க் கேட்டேன், இதையெல்லாம் மாற்றலாமா அத்தை என்று.

"எதை வேணா ஒடைங்க. ஏசிய மட்டும் நிப்பாட்டப் பிடாது."

*

சித்திரையில் மொட்டைமாடி. கொத்தனார் குத்தாலிங்கம் டிரம்மில் தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பைத் தாளித்தார். கொதித்து அடங்கியதும் பசை கலந்து, தென்னை மட்டைத் தூரிகையால் அடித்தார். வெள்ளை கூசியது.

"ஏட்டையா, இப்படி வெள்ளையாப் போட்டா ஏரோப்ளேன் எறங்கிராதா?"

"எறங்கினா சலான் போட்டுருவேன்."

"ரிட்டயர் ஆயும் பேனாவ விட மாட்டேங்கியளே!"

இரண்டாவது பூச்சு காய்ந்த மறுநாள், உச்சி வெயிலில், உன் அப்பா செருப்பில்லாமல் மாடியில் நடந்தார். எதிர் மாடியில் துணி காயப்போட்டவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியளா? கால் சுடல!" அவர்கள் துணியை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர் மாடியில் வட்டமாக நடந்துகொண்டிருந்தார்.

ஹாலில் வெக்கை தணிந்தது. ஃபேன் அனலைத் தள்ளுவதை நிறுத்தியது. உன் அறையில் பதினெட்டு. ஸ்வெட்டர். துண்டு.

பிறகு கிழக்கு வெண்டிலேட்டர்களைத் திறந்தோம். காற்று எப்படிப் போகிறது என்று பார்க்க ஊதுபத்தி கொளுத்தினேன்.

உனக்கு நினைவிருக்கும். ஹாஸ்டல் அறையில் நீ ஊதுபத்தியோடு மூலை மூலையாக நடப்பாய், புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று. வார்டன் வந்து நின்று, "என்னம்மா விசேஷம்?" என்றார். "காத்துக்குப் பூசை மேடம்" என்றாய். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல நமக்குத் தைரியம் வரவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார்.

உங்கள் ஹாலில் புகை எழுந்தது. மெல்ல நகர்ந்தது. உன் அறைக் கதவு வரை போய், அங்கே கலங்கி, தரையில் படர்ந்தது.

கதவு திறந்தது. "என்ன வாசனை? வெளக்கு ஏத்தினியா?"

"இல்லத்தை. அவ செய்வாள்ல, ஹாஸ்டல்ல. அது."

அத்தை நின்று பார்த்தாள். கதவைச் சாத்த மறந்துவிட்டாள். குளிரும் புகையும் அவள் காலடியில் கலந்தன. அப்போதுதான் சொன்னாள். புகையைப் பார்த்தபடி. என்னைப் பார்க்காமல்.

"அந்தக் காய்ச்சல்ல கடைசியா என்ன சொன்னா தெரியுமா? எரியுதும்மான்னா. ஒடம்பெல்லாம் எரியுதும்மா, ஏசியக் கொஞ்சம் கூட்டி வைன்னா. கூட்டி வச்சேன். அதுக்கு மேல அதுல போவாது. கூட்டி வைன்னுதான் கேட்டா. போதும்னு சொல்லலை. அதுக்குள்ள போயிட்டா. பொறவு கொண்டு போயி…"

உங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. உன்னைத் தெருமுனை வரைதான் அவள் பார்த்தாள். திரும்பி வந்து இந்த அறையில் உட்கார்ந்தாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"கதவு தெறந்து கெடக்கு பாரு" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். துண்டு மறுபடி இடுக்கில் வந்து உட்கார்ந்தது.

நான் ஊதுபத்தியோடு நின்றேன். அன்று வேறு எதையும் அளக்கவில்லை.

*

நல்ல சீசனில் ஒரு மாலை. நீயும் நானும் மெயின் அருவியில். பெண்கள் பக்கம் ஒரே நெரிசல், எண்ணெய் வாசனை, யாரோ ஒரு குழந்தையின் அலறல். விசில் ஊதிய பெண் போலீஸ் நம்மைக் கண்டுபிடித்துவிட்டார். "ஏளா, குளிக்க வந்தியளா, நிக்க வந்தியளா? நகருங்க!"

"நனைய வந்தோம்க்கா."

"நனையதுக்கு ஒங்க வீட்டுக் கொழாய் போதாதா?"

நீ அருவிக்குள் போகவே இல்லை. தள்ளி, துளி தூளாகிக் காற்றில் மிதந்து வருகிற இடத்தில் நின்றாய். கண் இமையில் எல்லாம் மணி மணியாக.

"உள்ள நின்னா தண்ணிதான் தெரியும். இங்கன நின்னாத்தான் காத்து தெரியும்" என்றாய். ஈர விரலால் பாறையில் ஒரு ஜன்னல் வரைந்தாய். நெட்டுக்குத்தாக இல்லை, சாய்வாக வைத்த மரப்பலகைகள், ஒன்றின் மேல் ஒன்று. காற்று நுழையும். துளி பலகையில் பட்டு வெளியே வழிந்துவிடும். சாக்கும் வேண்டாம், செங்கலும் வேண்டாம்.

"எங்கப்பாட்ட நீ சொல்லு. நான் சொன்னா வாய மூடும்பாரு."

பாறை ஏற்கெனவே ஈரம். நீ வரைந்தது எனக்குத் தெரிந்ததா, அல்லது உன் விரல் போன போக்கை மட்டும் பார்த்தேனா. நான் வரைந்து செங்கோட்டைத் தச்சரிடம் கொடுத்தது அதைத்தான். பாதி உன்னுடையது. எந்தப் பாதி என்று சொல்லத் தெரியவில்லை.

*

தச்சர் நாளைக்கு என்றார். எல்லா நாளும் நாளைக்கு என்றார்.

வைகாசி போயிற்று. ஆனி பிறந்தும் மலையில் மேகம் இல்லை. குற்றாலத்தில் பாறை காய்ந்து கிடந்தது. துண்டு விற்கிற கடைகளில் ஆட்கள் ஈ ஓட்டினார்கள். குத்தாலிங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்த வருசம் சீசன் கெடையாது ஏட்டையா. பாறை வெள்ளையாக் கெடக்கு. கொரங்கு தண்ணிக்கு ஊருக்குள்ள வருது. எதுக்குப் பலகைக்குக் காத்துக் கெடக்கணும்? ஒடைச்சிருவோம். பலகை வந்தா மாட்டிக்கிடலாம். சாரல் வராது, எழுதித் தாரேன்."

"எழுதிக் குடுத்தா கேஸாயிரும், பாத்துக்கோ."

இந்த ஊரில் பிறந்தவர்கள்தான் இப்படி அடித்துச் சொல்வார்கள். சாரலையே பார்க்காதவனுக்குப் பயம் இருந்திருக்கும். நானும் ஃபோனில் வானிலை பார்த்தேன். மேகமில்லை என்றது. சரி என்றேன்.

நேற்று காலை, அடைத்திருந்த மேற்கு ஜன்னலை உடைத்தார்கள்.

அத்தை பழைய சேலை ஒன்றால் உன் கட்டிலை மூடினாள். ஏசியை நிறுத்தவில்லை. முதல் செங்கல் வெளியே விழுந்தபோது கூட. வெளிச்சம் ஒரு கை அளவுக்கு உள்ளே வந்து கட்டிலின் மேல் விழுந்தது. உன் அறையில் பகல் வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. தூசி அதில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

"ஊரையே குளுர வைக்கப் போறா ஒங்க அத்தை" என்றார் உன் அப்பா, சத்தமில்லாமல்.

குத்தாலிங்கம் திறப்பில் பாதி உள்ளே பாதி வெளியே நின்றார். "ஏட்டையா, முன்னால மதுரை, பின்னால ஊட்டி!"

அத்தையின் உதடு அசைந்தது. சிரிப்பென்று சொல்ல மாட்டேன். சிரிப்பு எப்படி இருக்கும் என்று வாய்க்கு ஞாபகம் வந்தது போல.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அமைதி. காகம் கூட இல்லை. நான் ஹாலில் இருந்தேன். முதலில் வாசனை. தூரத்தில் எங்கோ பாறையும் இலையும் நனைகிற வாசனை. பிறகு உன் அறைக் கதவு தானாகத் திறந்து சுவரில் அடித்தது. ஹால் காலண்டர் படபடத்தது. உன் அப்பா எழுந்தார்.

"ஏலே குத்தாலிங்கம்! தார்ப்பாய்!"

மேற்கு முழுக்கச் சாம்பலாகிவிட்டிருந்தது. மலை இல்லை. எதிர் வீடு பாதிதான் இருந்தது. திறப்பு வழியாகச் சாரல் குறுக்காக உள்ளே வந்துகொண்டிருந்தது. மழை போல விழவில்லை. நடந்து வந்தது. கட்டில் நனைந்தது, சேலை நனைந்தது. ஸ்டூலில் இருந்த அத்தையின் முடியில் வெள்ளை வெள்ளையாகத் துளி.

உன் அப்பா நாற்காலியில் ஏறித் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தார். மறு முனையில் குத்தாலிங்கம். காற்று அதை வயிறு போல உப்ப வைத்து இரண்டு பேரையும் தள்ளியது.

"எழுதித் தாரேன்னியே! கையெழுத்தப் போடுலே இப்போ!"

"கை ரெண்டும் இங்கன இருக்கே ஏட்டையா!"

அப்போது கரண்ட் போயிற்று. சீசனின் முதல் காற்றுக்கு எப்போதும் போகும்.

ஏசி நின்றது.

அந்தச் சத்தம் நின்ற பிறகுதான், அது இத்தனை நாளும் இருந்தது என்று தெரிந்தது. எல்லோரும் அத்தையைப் பார்த்தோம்.

"எந்தி. நனையுத பாரு" என்றார் உன் அப்பா, நாற்காலியிலிருந்து.

அத்தை எழுந்திருக்கவில்லை. "அந்தத் தார்ப்பாய எறக்குங்க" என்றாள்.

"கட்டில் முழுக்க…"

"எறக்குங்கன்னு சொல்லுதேன்லா."

இறக்கினார்கள்.

காற்று உள்ளே வந்தது. வரைபடத்தில் போட்டிருந்தபடி. கட்டிலைத் தாண்டி, கதவைத் தாண்டி, ஹாலில் என் முகத்தைத் தொட்டு, கிழக்கே மேலேறிப் போயிற்று. சமையலறையில் ஏதோ தட்டு உருண்டது. அந்த அம்புக்குறியை நாம் எத்தனையோ தாள்களில் வரைந்திருக்கிறோம். நான் அதற்குள் நின்றது அதுதான் முதல் தடவை. நீ பக்கத்தில் நின்றாய் என்று சொல்ல மாட்டேன். நிற்கிறதற்கு இடம் இருந்தது.

அத்தை வீங்கிய கையைத் திறப்பின் பக்கம் நீட்டினாள். உள்ளங்கை நனைகிற வரை வைத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

பிறகு கரண்ட் வந்தது. ஹால் ஃபேன் சுற்றியது. உன் அறைச் சுவரில் ஸ்டெபிலைசரின் சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் சிவப்பாக நிற்கும். அது பச்சையானதும் ஏசி தானாக ஓடத் தொடங்கும்.

அத்தை சிவப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏளா. நீ படிச்சவ. நீ சொல்லு. இந்தக் குளிரு காணுமா அவளுக்கு?"

எல்லா வீட்டிலும் என்னிடம் கேட்கிற கேள்வி. இந்த ஜன்னல் போதுமா, இந்த ஃபேன் காணுமா. நான் கருவியை எடுப்பேன். வெப்பம், ஈரம், காற்றின் வேகம். பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். கருவி பையில் இருந்தது. பை ஹாலில் இருந்தது.

உனக்காக நான் பதில் சொல்லலாமா. தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. நீ கேட்டது அவளிடம். அவள் கேட்டது என்னிடம். நடுவில் ஒரு சிவப்பு விளக்கு.

"காணும் அத்தை."

"நல்லாப் பாத்துச் சொல்லு. எரியாதுல்லா?"

"எரியாது. தாராளமாக் காணும்."

அவள் தலையை ஆட்டினாள். முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, ஏசியின் ஸ்விட்சை மேலே தள்ளினாள். விரலால் முடியவில்லை. உள்ளங்கையால். சிவப்பு அணைந்தது.

உன் அப்பா தார்ப்பாயை மடிக்கத் தொடங்கினார். மடித்ததையே மறுபடி விரித்து மடித்தார். குத்தாலிங்கம் மெதுவாகக் கேட்டார், "ஏட்டையா, சீசன் வராதுன்னு சொன்னதுக்கு…"

"ஒன்ன உள்ள தூக்கிப் போடணும்லே" என்றார் உன் அப்பா. "போயி டீ வாங்கிட்டு வா. எல்லாருக்கும்."

அந்த ஒரு சொல்லை இனி நான்தான் வைத்திருக்க வேண்டும். உன்னைக் கேட்காமல் உன் பேரில் சொன்னது. அளக்காமல் சொன்னது. வேறு எந்த வீட்டுக்குப் போனாலும், யார் என்னிடம் காணுமா என்று கேட்டாலும், அதற்கடியில் இது கிடக்கும். தப்பென்றால் எப்படியாவது தெரியப்படுத்து. அது வரைக்கும் காணும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

"மெத்தை ஊறிட்டு. ஒத்தையில முடியாது, ஒரு பக்கம் புடி" என்றாள் அத்தை. ஆளுக்கொரு முனையாகத் தூக்கினோம். அவள் பக்கம் அடிக்கடி தாழ்ந்தது. ஹாலுக்குக் கொண்டு வந்து கிழக்குச் சுவரில் சாய்த்தோம். அவள் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். மூலையில் இருந்த பாயை எடுத்து, ஃபேனுக்குக் கீழே விரித்து, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: "இன்னிக்கு இங்கனயே படுத்துக்கிடுதேன்."

நான் திரும்பிப் போய், ஒரு துணியை எடுத்து, உன் அறைத் தரையில் நின்ற தண்ணீரைத் துடைத்தேன்.